ரெடிமேட் தீத்தடுப்புத் தட்டு: நெருப்புக் கங்குகளைத் தாங்கும், சூட்டைத் தாங்குமா?

விறகு ஸ்டவ்வுக்கு அடியில் போட ரெடிமேடாக விற்கும் தட்டு ஒன்றை வாங்கினேன். மேலே கறுப்பு டைல்ஸ், சுற்றி இரும்புச் சட்டம், பெட்டியில் கொட்டை எழுத்தில் 'தீப்பிடிக்காதது'. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஸ்டவ்வின் கையேட்டைப் படிக்காமல் இதை வாங்கிவிடாதீர்கள். சில ஸ்டவ்வுக்கு இது போதும், சிலவற்றுக்கு இதை நம்பினால் ஆபத்து.

தட்டு தீப்பிடிக்காது, சரி. அதற்குக் கீழே இருக்கும் மரத்தரை என்ன ஆகும் என்பதைத்தான் பெட்டியில் எங்கும் சொல்லவில்லை. விறகு போடக் கதவைத் திறக்கும்போது கங்கு தெறித்து விழும், அதைத் தடுப்பது ஒரு வேலை. ஸ்டவ்வின் அடிவயிற்றிலிருந்து மணிக்கணக்காக இறங்கும் சூட்டைத் தடுப்பது வேறு வேலை. அமெரிக்காவில் இந்தத் தட்டுகளுக்கு இருக்கும் யூஎல் 1618 தரநிலையே கங்குக்கு மட்டும் ஒரு வகை, கங்கோடு வெப்பத்துக்கும் சேர்த்து இன்னொரு வகை என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது. மரம் சாதாரணமாக 250 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் பற்றும், ஆனால் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டிலேயே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள் மெல்லக் கருகி, அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும் நிலைக்கு வந்துவிடும். மேலே டைல்ஸ் பளபளவென்று இருக்கும், அடியில் கரி ஆகிக்கொண்டிருக்கும்.

அதனால் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சாம்பல் நிறப் பெயின்ட், திருகு ஏறிய இடத்தில் பெயின்ட் பெயர்ந்து உள்ளே பழுப்பு நிறத்தில் பிளைவுட் தெரிகிறது. கங்குத் தடுப்புக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, வெப்பத் தடுப்புக்கு என்றால் எரியக்கூடிய பொருளையே அடுக்கில் வைத்துவிட்டு என்ன பேச்சு? ஒரு மூலையில் டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரவுட்டும் மயிரிழை அளவுக்குப் பிரிந்திருந்தது. சட்டத்தின் வெல்டிங் மட்டும் உண்மையிலேயே நல்ல வேலை, ஓரம் எங்கும் கையைக் கீறவில்லை.

ஆர் மதிப்பு எவ்வளவு என்று விற்றவர்களைக் கேட்டேன். "நல்லா சூடு தாங்கும்" என்று பதில் வந்தது. ஆர் மதிப்பு என்பது வெப்பம் கடந்துபோவதை ஒரு அடுக்கு எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. அடுக்குகளின் மதிப்பை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். சில கையேடுகளில் ஆர் மதிப்புக்குப் பதில் கே மதிப்பும் (பொருள் வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதன் அளவு) கனமும் கொடுத்திருப்பார்கள், கனத்தைக் கேயால் வகுத்தால் ஆர் வந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்க அலகில் சொல்லும் ஆரும் மெட்ரிக் அலகில் சொல்லும் ஆரும் வேறு வேறு, மெட்ரிக்கில் 1 என்றால் அமெரிக்கக் கணக்கில் 5.68. இதைக் கலந்துவிட்டால் மொத்தக் கணக்கும் போச்சு.

என் ஹால் ஸ்டவ்வின் கையேடு வெப்பத் தடுப்பு கட்டாயம் என்று சொன்னதால் அதற்கு நானே ஒன்று கட்டினேன். டைல்ஸ் கிட்டத்தட்ட எதையும் தடுப்பதில்லை, தகரமும் அப்படித்தான். சிமென்ட் போர்டு அரை அங்குலக் கனத்துக்கு அமெரிக்கக் கணக்கில் 0.5-க்கும் கீழான ஆர் மதிப்புதான் தரும். வேலையைச் செய்வது கால்சியம் சிலிக்கேட் போர்டு. அதில் இரண்டு அடுக்கு, ஒன்றின் இணைப்பு மற்றதன் இணைப்புக்கு நேராக வராமல் மாற்றி வைத்து, மேலே சிமென்ட் போர்டைத் திருகி, அதன்மேல் டைல்ஸ். கால்சியம் சிலிக்கேட் போர்டு மென்மையானது, ஸ்டவ்வின் கால் நேராக அதில் நின்றால் அமுங்கிவிடும், அதனால் மேலே சிமென்ட் போர்டு இல்லாமல் முடியாது. டைல்ஸ் ஒட்டும் பசையைப் பல் கரண்டியால் இழுத்துப் பரப்புங்கள், அடியில் வெற்றிடம் விட்டால் ஸ்டவ்வின் எடைக்கு அந்த இடத்தில்தான் டைல் விரிசல் விடும். செலவு குறைந்ததா என்றால் பெரிதாக இல்லை, முதுகுவலி இலவசம்.

அளவு விஷயத்திலும் ரெடிமேட் தட்டு இழுபறிதான். ஸ்டவ்வை வைத்த பிறகு கதவுக்கு முன்னால் ஒரு சாண் மிஞ்சியது. மூடிய கதவுள்ள ஸ்டவ்வுக்கு பிரிட்டன் விதி முன்பக்கம் கேட்பது 225 மில்லிமீட்டர், அங்கே இது தேறிவிடும். கனடாவில் விறகு போடும் பக்கம் 450, மற்ற பக்கங்களில் 200 கேட்பார்கள், அங்கே ஃபெயில். உங்கள் ஊர் விதி, ஸ்டவ் கையேடு இரண்டில் எது அதிகம் கேட்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய தட்டு இப்போது பட்டறையில் சின்ன ஸ்டவ்வுக்கு அடியில் இருக்கிறது. அந்த ஸ்டவ்வின் கையேடு கங்குத் தடுப்பு மட்டும்தான் கேட்கிறது, விரிசலில் கிரவுட் பூசிவிட்டேன், அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறது. வாங்குபவர்கள் பெட்டியை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் இந்தக் கனத்தைப் பெட்டியில்லாமல் கூரியர்காரர் தொடமாட்டார்.