எட்டு டிகிரியில் ஒரு தானியங்கித் தொலைநோக்கி

தானாக இயங்கும் தொலைநோக்கியை வாங்கலாமா என்று மார்த்தாண்டத்து நண்பர் கேட்டிருக்கிறார். தொலைநோக்கிக் குழாயைத் தாங்கித் திருப்பும் பீடமான என்னுடைய மவுண்ட் பழுது நீங்கித் திரும்பிய அதே வாரத்தில் கேட்டதால் பதிலில் கோபம் கலந்திருக்கும். ஆயினும் நான்கு ஆண்டுகள் உழைத்த கருவிக்கு நியாயம் செய்யவே முயல்கிறேன்.

இரணியல் அருகே எங்கள் மொட்டைமாடியில் நிற்கும் இந்த 8 அங்குலக் கருவி, இருட்டியதும் தானே இயங்கத் தொடங்கி, எடுத்த படத்திலுள்ள விண்மீன்களைக் கொண்டே தான் பார்க்கும் திசையை உறுதிசெய்து, ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன்களை வரிசையாகப் படமெடுக்கிறது. அதே படத்திலுள்ள ஒளி மாறாத விண்மீனோடு ஒப்பிட்டு அளப்பதால், கடற்காற்றின் மெல்லிய மூட்டம் அளவைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. அளவுகளை 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு அனுப்புகிறேன். சென்ற ஆண்டு பொருத்திய சீமாஸ் (CMOS) உணரி கொண்ட கேமராவுக்கும் குவியத்தைச் சரிசெய்யும் மோட்டாருக்கும் செலவிட்ட பணத்தில் ஒரு ரூபாய்கூட வீணில்லை.

வேதனையெல்லாம் ஒரு திருகில் இருக்கிறது. விண்மீன்களின் நகர்வைப் பின்தொடர, மவுண்டின் அச்சு, வானமே சுற்றுவதுபோல் தோன்றும் மையமான வடதுருவத்தை நோக்க வேண்டும். அதன் உயரம் ஊரின் அட்சரேகைக்குச் சமம் என்பதால், நம் குமரி மாவட்டத்தில் அது தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 8 டிகிரியில்தான் இருக்கிறது. துருவ விண்மீன் பக்கத்துத் தென்னந்தோப்பில் மறைந்தாலும், அதைப் பார்க்காமலே அச்சைச் சரிசெய்யும் மென்பொருள் இருப்பதால் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையே. ஆனால் அச்சு ஏறக்குறைய படுக்கையாகக் கிடப்பதால் குழாயைச் சமன்செய்யும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கிறது. மொத்தப் பாரமும் தாங்கி அச்சின் சாய்வை நிறுத்திவைக்கும் உயரக்கோணத் திருகு இரவுக்கு இரவு மயிரிழையளவு நழுவுகிறது. 1866இலும் 1946இலும் வெடித்து, எண் குறையக் குறைய ஒளி கூடும் ஒளித்தர அளவில் 10இலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் 2 வரை எழும்பிய டி கொரோனே போரியாலிஸ் என்ற விண்மீனின் அடுத்த வெடிப்புக்காகத் தெளிந்த இரவு ஒன்றையும் விடாமல் காத்திருப்பவனுக்கு, இரு பருவமழை தாண்டிக் கிடைத்த நான்கு பிப்ரவரி இரவுகளின் படங்களில் விண்மீன்கள் கோடுகளாக இழுபட்டிருந்ததைக் கண்டபோது மனம் ஆறவில்லை. பழுது பார்த்தவர்கள் தேய்ந்த திருகை மாற்றினார்கள். சாய்வை மாற்ற அவர்களால் இயலாது.

இத்தனை தொல்லை தரும் அதே அட்சரேகைதான் தென்வானத்தையும் திறந்து தருகிறது. 1843இல் இரவு வானின் இரண்டாவது ஒளிமிக்க விண்மீனாக விளங்கிய ஈட்டா கரினே, டெல்லியில் தொடுவானை ஒட்டியே நகர்ந்து மறைய, இங்கே மார்ச் நள்ளிரவுகளில் 22 டிகிரி உயரம் ஏறி நிற்கிறது. அதன் ஒளி சிறிது சிறிதாக மாறுவதை என் மாடியிலிருந்தே வரைபடமாகக் காண்பதற்கு ஈடான மகிழ்ச்சியை வேறெந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில், இந்த மவுண்டை வாங்க வேண்டாம் என்பதே. குழாயும் கேமராவும் வாங்கட்டும். மவுண்டை மட்டும், 8 டிகிரியிலும் அசையாமல் பூட்டிக்கொள்ளும் என்பதைப் பாரம் ஏற்றிக் கண்ணால் பார்த்த பிறகே வாங்கட்டும்.