பாய்மரப் படகின் அடுப்பு: ஸ்பிரிட்டை விட்டால் கேஸா, மின்சாரமா?

முப்பது அடிக்குட்பட்ட பழைய பாய்மரப் படகுகள் பலவற்றில் ஸ்பிரிட் (எரிசாராயம்) அடுப்புதான் இருக்கும். எரிபொருளுக்கு அழுத்தம் ஏற்றத் தேவையில்லாத ஒரிகோ பிராண்டு வகை பாதுகாப்பானதே. ஆனால் அதன் உற்பத்தி நின்றுவிட்டது, உதிரிப்பாகத்துக்கு அலைய வேண்டும். ஸ்பிரிட்டின் சூடும் குறைவு: கிலோவுக்குச் சுமார் 27 மெகாஜூல், சமையல் கேஸில் அது 46. குக்கரில் பருப்பு வேகக் காத்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றும் பழைய ஸ்பிரிட் அடுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், கழற்றிவிடுங்கள். பர்னர் போதிய அளவு சூடேறாவிட்டால் தீ குபீரென்று எழும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் சிலிண்டருக்குத் தனி அறை அமைக்க இடமுள்ள படகு என்றால் எல்பிஜி. இடமில்லை என்றால் மின்சார இண்டக்‌ஷன் அடுப்பு. விலையும் சூடும் அதற்கப்புறம்தான்.

மண்ணெண்ணெயில் சூடு தாராளம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் ஊற்றிப் பர்னரைச் சூடாக்கித்தான் பற்றவைக்க வேண்டும். பினாங்குப் புழுக்கத்தில் மூடிய கேபினுக்குள் அந்த வாடையோடு சமைக்கச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்த மாட்டேன்.

வீட்டில் ஸ்டீம்போட்டுக்கு வைக்கும் பியூட்டேன் டின் அடுப்பைப் படகிலும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேபினுக்குள் வேண்டாம். படகு சாய்ந்தால் அடுப்பு நகரும், உப்புக்காற்றில் டின் துருப்பிடிக்கும், கசிந்தாலும் யாருக்கும் தெரியாது.

எல்பிஜியின் ஆபத்தும் இந்தக் கசிவுதான். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிட்டு ஓடலாம். படகின் அடிப்பகுதியோ கதவில்லாத தொட்டி; கசிந்த கேஸ் அங்கே போய்த் தேங்கிவிடும். காற்றில் இரண்டு விழுக்காடு கலந்தாலே போதும், அடியில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் ஓடும்போது எழும் ஒரு சிறு பொறியில் வெடித்துவிடும்.

அதனால்தான் தனி அறை. கேபின் பக்கம் துளிகூடக் காற்றுப் போகாதபடி அது அடைபட்டிருக்க வேண்டும். மூடி மேலே திறக்க வேண்டும். அடியிலிருந்து ஒரு குழாய் நேராகக் கடலுக்குப் போக வேண்டும். படகு சாய்ந்து ஓடும்போதும் அதன் வாய் தண்ணீருக்கு மேலேயே நிற்க வேண்டும். ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு அழுத்தமானி, அடுப்பருகே உள்ள சுவிட்சால் கேஸைத் திறந்து மூடும் சோலனாய்டு (மின்) வால்வு, தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் பர்னர், இவை மூன்றும் இல்லாமல் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். கசிவைச் சோதிக்க, அடுப்பின் குமிழ்களை மூடி, சிலிண்டரையும் சோலனாய்டையும் திறந்து அழுத்தம் ஏறியதும் சிலிண்டரை மட்டும் மூடுங்கள். மூன்று நிமிடத்தில் முள் கொஞ்சம் இறங்கினாலும் எங்கோ கசிகிறது. சோப்பு நீர் தடவித் தேடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டால் எல்பிஜிக்கு ஈடில்லை. மானிய விலை கேஸ் மலேசியாவில் மூலைக்கடையிலும் கிடைக்கிறது, லங்காவி போனாலும் கவலையில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் 14 கிலோ சிலிண்டர் சின்னப் படகின் அறைக்குள் நுழையாது. அடுப்பு வாங்கும் முன் சிலிண்டரை அளந்து பாருங்கள்.

இண்டக்‌ஷனில் கசிய ஒன்றுமில்லை, கேபினும் அவ்வளவாகச் சூடாகாது. கணக்கும் பயப்படும்படி இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 0.1 யூனிட் போதும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இரண்டரை யூனிட் இருக்கிறது. இருவருக்குச் சோறு, ஒரு குழம்பு, இரண்டு வேளை தேநீர் என்றால் ஒரு யூனிட்டுக்குள் முடித்துவிடலாம். பினாங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மாதிரி மரினாவில் (படகுத்துறையில்) கட்டியிருந்தால் கரை மின்சாரமே போதும். ஜெரெஜாக் தீவுப் பக்கம் நங்கூரமிட்டால் சூரியத் தகடுதான் துணை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மேகம் மூடும் நாட்களில் அது கைவிடும். அந்த நாட்களுக்கு எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வழி இருக்கட்டும்.

பணம் கரைவது பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும்தான். 1800 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இதற்குப் பெருவிரல் பருமன் கேபிளும், பேட்டரியை ஒட்டியே தகுந்த ஃபியூசும் வேண்டும். மெல்லிய கேபிளைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்பவரிடம் படகை விடாதீர்கள், அதுவும் தீ விபத்துதான். அப்புறம் பாத்திரங்கள்: இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும், அலுமினியச் சட்டி செய்யாது. எவர்சில்வர் என்றால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.