எட்டு வாரத் தன்பரிவுப் பயிற்சி: சேர்ந்து முடித்த அனுபவம்

அம்மா இறந்த இரவு என் போன் சைலண்டில் இருந்தது. மறுநாள் பள்ளியில் ஆய்வு என்று ஒன்பதரைக்கே படுத்துவிட்டேன். விடிகாலையில் எடுத்துப் பார்த்தால் தங்கையிடமிருந்து 11 மிஸ்டு கால். பாளையங்கோட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு ஒரு மணி நேரம்தான். முதல் அழைப்பையே எடுத்திருந்தால் அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன்.

மூன்று வருடம் அந்த 11 கால்களோடுதான் வாழ்ந்தேன். யார் என்ன ஆறுதல் சொன்னாலும் உள்ளே ஒரு குரல், "நீ தூங்கினவதானே" என்று வெட்டிவிடும். அன்றிலிருந்து போனைத் தலையணைக்கு அடியில், சத்தத்தை முழுசாக வைத்துத்தான் படுப்பேன். விளம்பர மெசேஜ் வந்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொல்லித்தான் 'மைண்ட்ஃபுல் செல்ஃப் கம்பாஷன்' பயிற்சியில் சேர்ந்தேன். தன்பரிவு என்றால், அடுத்தவருக்குக் காட்டும் பரிவை நமக்கு நாமே காட்டிக்கொள்வது. டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டின் நெஃப், மருத்துவ உளவியலாளர் கிறிஸ்டோபர் கெர்மர் இருவரும் 2010 வாக்கில் உருவாக்கியது. 8 வாரம், வாரம் ஒரு வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. நடுவில் ஒரு அரைநாள் மௌனப் பயிற்சியும் உண்டு. நான் ஜூம் வழியாகச் சேர்ந்தேன்.

முதல் வகுப்பிலேயே ஒரு பயிற்சி. உங்களுக்கு நெருங்கிய ஒருவர் தவறு செய்துவிட்டு அழுதுகொண்டு வந்தால் என்ன சொல்வீர்கள், எந்தக் குரலில் சொல்வீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். அப்புறம் அதே இடத்தில் உங்களுக்கு நீங்களே என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்று பக்கத்தில் எழுத வேண்டும். நான் தங்கையை நினைத்துக்கொண்டேன். அன்று தூங்கியது அவளாகவும் கூப்பிட்டது நானாகவும் இருந்திருந்தால்? "ஏட்டி, பகல் பூரா நின்னுட்டு வந்து அசந்து தூங்கிட்ட. இதுல உன் தப்பு என்ன இருக்கு?" கை தானாக எழுதியது. பக்கத்துப் பத்தியில் எனக்கு நான் எழுதியதை இங்கே சொல்ல மனசு வரவில்லை. இரண்டையும் அருகருகே பார்த்தபோது கேமராவை அணைத்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு கூழாங்கல் எடுத்துவரச் சொன்னார்கள். மனம் பழசுக்கு ஓடும்போது கல்லைக் கையில் வைத்து அதன் குளிர்ச்சி, எடை, கோடுகளை மட்டும் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்த் தாமிரபரணியில், அம்மா துணி துவைக்கும் படித்துறைக்குப் பக்கத்தில் ஒன்றைப் பொறுக்கினேன். சாம்பல் நிறம், குறுக்கே நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் மட்டும் ஆற்றுக்குப் பிடிபடாமல் சொரசொரவென்று நின்றுவிட்டது. விரல் அந்தப் பக்கத்துக்குத்தான் போகும். இப்போதும் கைப்பையில் சாக்பீஸ் டப்பாவோடு கிடக்கிறது.

நெஞ்சில் கைவைத்து ஆறுதல் சொல்லிக்கொள்வதும் பாடத்தில் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. நெஞ்சில் கை வைத்தாலே படபடப்பு கூடியது. வேறு இடம் தேடுங்கள், கன்னம், தோள், வயிறு எதுவானாலும் சரி என்றார் பயிற்றுநர். கன்னத்தில் உள்ளங்கையை வைத்ததும் மூச்சு இறங்கியது. காய்ச்சல் பார்க்க அம்மா அங்கேதான் புறங்கை வைப்பாள்.

சேருகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: முதலில் வலி கூடும். மூன்றாம் வாரம் சமையலறையில் நின்று காரணமில்லாமல் அழுதேன். விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூடிக் கிடந்த அறையில் தீ புகைந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால், உள்ளே பாயும் காற்றில் நெருப்பு குபீரென்று சீறும். பூட்டிய மனசுக்குள் பரிவு நுழையும்போதும் அப்படித்தானாம். தீயணைப்பு வீரர்களின் சொல்லையே இதற்கும் வைத்திருக்கிறார்கள், 'பேக் டிராஃப்ட்' என்று. அந்த நேரத்தில் எதையும் தோண்டக் கூடாது. உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனிப்பது, எழுந்து காபி போடுவது, அவ்வளவு போதும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் நான் தொடர்ந்தேன்.

குறை ஒன்று, பெரியது. நான் சேர்ந்த வகுப்பு முழுக்க ஆங்கிலம். எனக்கு நானே வாழ்த்துச் சொல்லிக்கொள்ள அவர்கள் கொடுத்த வரிகளைத் தமிழாக்கினால் "நான் அமைதியாக இருப்பேனாக" என்று வந்தது. பாடப்புத்தகம் ஒப்பிப்பது போல இருந்தது. உங்களுக்குக் கேட்கத் தோன்றும் சொல்லை நீங்களே தேடலாம் என்று பயிற்சியே இடம் தருகிறது, அந்த வகையில் நல்லது. எனக்குக் கிடைத்த வரி: "சரி புள்ள, போதும். வா, ஒரு வாய் சாப்பிடு." அம்மா சண்டையை முடிக்கும் விதம். நான்காம் வாரம் உள்ளே குற்றம் சாட்டும் குரலுக்குப் பதில் சொல்லும் வகுப்பில் இந்த வரியைத்தான் சொன்னேன். அந்தக் குரலும் ஒரு வகையில் நான் இன்னொரு முறை யாரையும் தவறவிடக் கூடாது என்று காவல் காத்ததுதான் என்று அன்று புரிந்தது.

கட்டணம் எனக்கு அரை மாதச் சம்பளத்தைத் தாண்டியது. தனியார் பள்ளிச் சம்பளக்காரர்கள் முதலில் நெஃப்பின் இணையதளத்தில் இலவசமாக இருக்கும் ஒலிப் பயிற்சிகளைக் கேட்டுப் பாருங்கள். நமக்குத் தன்பரிவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அவர் 2003இல் வெளியிட்ட 26 கேள்விகள் கொண்ட அளவுகோலும் அங்கே உண்டு. ஆனால் குழுவில் முகம் தெரியாத ஒரு அம்மா, "நானும் என் அப்பாவுக்கு அப்படித்தான்" என்று சொன்ன கணம் ஒலிப்பதிவில் கிடைக்காது. துன்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்பது இந்தப் பயிற்சியின் மூன்று தூண்களில் ஒன்று. காதால் கேட்டால்தான் அது நம்பும்படி ஆகிறது.

இது மருத்துவம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள், நாள் கணக்கில் தூங்காதவர்கள் இதில் தொடங்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

முடித்து ஐந்து மாதம் ஆகிறது. போன் இப்போது ஹாலில் சார்ஜில் கிடக்கிறது, நான் உள்ளறையில் படுக்கிறேன். ஞாயிறு மதியம் தங்கை வருகிறாள். அவளுக்கு ஆங்கிலம் வராது, அதனால் என் நோட்டைப் பார்த்து நானே தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் அந்த இரண்டு பத்தி எழுதும் பயிற்சி. அவள் பத்தியில் இருந்தது: "அஞ்சு நிமிஷம் முந்தியே அக்காவைக் கூப்பிட்டிருக்கணும்."