டெட்லாக் எந்த வழியில் போகும்: கவுண்டர்-ஸ்ட்ரைக், ஓவர்வாட்ச், டோட்டா?

வால்வ் நிறுவனத்தின் டெட்லாக் என்ற கணினி விளையாட்டு இன்னும் முறைப்படி வெளியாகவில்லை. 2024 ஆகஸ்ட்டில் வால்வின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் அதன் பக்கம் திறந்தபோது, ஏற்கெனவே விளையாடுபவர் அழைத்தால்தான் உள்ளே நுழைய முடியும் என்ற நிலை. அப்படியிருந்தும் அடுத்த மாதமே ஒரே நேரத்தில் 1,70,000 பேருக்கு மேல் அதை ஆடினார்கள். பிறகு அந்தக் கூட்டம் வெகுவாகக் கரைந்தது. தனித்தனிச் சக்திகள் கொண்ட ஆட்டப் பாத்திரங்களான ஹீரோக்கள் புதிதாக வந்தபோது மீண்டும் திரண்டது. அதே ஆகஸ்ட்டில் சோனி வெளியிட்ட கன்கார்ட் என்ற ஐவர் அணி ஷூட்டர் (துப்பாக்கி விளையாட்டு) இரண்டே வாரங்களில் மூடப்பட்டதை நினைத்துப் பார்த்தால், விளம்பரமே இல்லாமல் டெட்லாக் சேர்த்த கூட்டம் சாதாரணமானதல்ல.

ஆனால் கூட்டம் சேர்வது வேறு, போட்டி ஆட்டமாக நிலைப்பது வேறு. ஒரு ஷூட்டரை எடைபோட நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். தோற்றவருக்கு, தாம் ஏன் தோற்றோம் என்று தெரிகிறதா? பார்ப்பவருக்கு, இப்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிகிறதா?

ஓர் அணி குண்டு வைக்க முயல, மறு அணி தடுக்கும் கவுண்டர்-ஸ்ட்ரைக் இரண்டிலும் தேறிவிடும். துப்பாக்கி விளையாட்டு எதையும் தொட்டறியாத என் தங்கை ஒரு முறை என்னோடு உட்கார்ந்து அதன் இறுதிப்போட்டியைப் பார்த்தாள். குண்டு வைக்கப்பட்டுவிட்டது; வெடிக்க 40 விநாடி. ஒரு பக்கம் ஒருவர் மட்டும் உயிரோடு, எதிரே இருவர். நான் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஏகே-47 தோட்டா தலையில் பட்டால் தலைக்கவசம் இருந்தாலும் ஆள் விழுவார். அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பாடம் தேவையில்லை. தோற்றவருக்கும் அப்படித்தான். ஒரு ரவுண்ட் போனால் இரண்டு மூன்று நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். கையில் காசு குறைந்த அணி இந்த ரவுண்டைச் சேமிப்புக்காக விட்டுக்கொடுக்கிறது என்பது எதிரணிக்கும் அரங்கத்துக்கும் தெரியும். 1999இல் வால்வின் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மாற்றுவடிவமாக ரசிகர்கள் உருவாக்கிய ஆட்டம் இது. வால்வ் தன் பெயரில் மேஜர் எனப்படும் முதல் பெரும்போட்டியை ஸ்வீடனில் நடத்தியது 2013இல்தான். பரிசான 2,50,000 டாலரும் ஆயுதங்களுக்கான அலங்காரத் தோற்றங்களான ஸ்கின்களின் விற்பனையிலிருந்து வந்தது. அதற்கு முன் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் போட்டிகளை வளர்த்தவர்கள் ஆடியவர்களும் வெளி அமைப்பாளர்களும்தான்.

வேலரண்ட் அதே எலும்புக்கூட்டின் மேல் மந்திரசக்திகளைப் போர்த்தியது. அங்கும் ஐவர், அங்கும் 13 ரவுண்ட் வென்றால் வெற்றி, குண்டுக்குப் பதில் 45 விநாடியில் வெடிக்கும் ஸ்பைக். சக்தி வழியைத் திறக்கும், உயிரைப் பெரும்பாலும் துப்பாக்கியே எடுக்கும் என்ற ஒழுங்கை அதை உருவாக்கிய ரயட் நிறுவனம் விடாமல் காத்ததால் பார்ப்பவர் குழம்பவில்லை. 2020இல் முதல் போட்டிகளை வெளி அமைப்பாளர்களிடம் விட்டு, 2021இல் ஐஸ்லாந்தின் ரேக்யவிக்கில் உலக அளவிலான முதல் போட்டியை நடத்தி, 2023இல்தான் நுழைவுக் கட்டணமின்றி 30 கூட்டாளி அணிகளைத் தேர்ந்தெடுத்தது. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன்.

ஓவர்வாட்ச் கதைதான் டெட்லாக்கை விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியது. 2016 மே மாதம் 21 ஹீரோக்களோடு வந்து உலகையே ஈர்த்த ஆட்டம் அது. 2018 ஜனவரியில் 12 நகர அணிகளோடு லீக் தொடங்கியது. ஓர் இடத்தின் விலை 2 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அந்த முதல் சீசனில் ஷாங்காய் டிராகன்ஸ் 40 ஆட்டங்கள் ஆடி 40இலும் தோற்றது. அடுத்த ஆண்டு அணிகள் 20 ஆயின. 2023இல் லீக்கே முடிந்துபோனது. பணம்தான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. மீதிப் பாதி ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. அடிதாங்கி முன்னே நிற்கும் டேங்க் மூன்று, குணப்படுத்தும் சப்போர்ட் மூன்று என்ற கூட்டணியை அணிகள் கண்டுபிடித்ததும் மாதக்கணக்கில் எல்லோரும் அதையே ஆடினார்கள். குறிபார்த்துச் சுடுவதில் பெயர்பெற்றவர்கள் வெளியே உட்கார்ந்தார்கள், அல்லது கேடயம் ஏந்தினார்கள். அதை உடைக்க ஆடுபவர்களிடம் ஆயுதமே இல்லை. கடைசியில் 2019இல் நிறுவனமே தலையிட்டு, ஒவ்வொரு பணிக்கும் இருவர் என்று விதி போட வேண்டியிருந்தது. திரையிலோ பன்னிரண்டு பேரின் சக்திகள் ஒரே சந்தில் வெடித்தன. சண்டை முடிந்த பிறகுதான் யார் வென்றார்கள் என்று தெரியும். ஏன் வென்றார்கள் என்பது மறுகாட்சியில்தான் தெரியும்.

2024 டிசம்பரில் 33 ஹீரோக்களோடு வந்த மார்வெல் ரைவல்ஸிலும் மூன்று சப்போர்ட்டுகளை வைத்து ஆடும் முறை தலைதூக்கியது. இது ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவால் மட்டும் வருவதல்ல, இந்த வகை ஆட்டத்துக்கே உள்ள நோய் என்று நினைக்கிறேன்.

இனி டெட்லாக். இதிலும் அறுவருக்கு எதிராக அறுவர், இதிலும் ஹீரோக்கள். ஆனால் அடித்தளம் வால்வின் இன்னொரு ஆட்டமான டோட்டாவினுடையது. லேன் எனப்படும் பாதைகளில் படைவீரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களை வீழ்த்தினால் கிடைக்கும் ஆன்மாக்கள்தான் காசு. அதைக் கொண்டு துப்பாக்கி, உயிர்வலிமை, ஆவிசக்தி என்ற மூன்று பிரிவுகளில் பொருள்கள் வாங்கலாம். ஓவர்வாட்சில் இல்லாத ஆயுதம் இங்கேதான் இருக்கிறது. வானில் பறந்தபடி தூரத்திலிருந்து சுடும் விண்டிக்டா தொல்லை கொடுக்கிறாளா? நாக்டவுன் வாங்கினால் அவளைத் தரையில் இறக்கலாம். எதிரணி குணப்படுத்தியே பிழைத்துக்கொண்டிருக்கிறதா? ஹீல்பேன் அதைக் குறைக்கும். மருந்து நிறுவனத்தின் அடுத்த திருத்தமான பேட்ச் வரை காத்திருக்காமல், அந்த ஆட்டத்திலேயே, ஆடுபவரின் பையிலேயே இருக்கிறது. தோற்றவர் தம் பொருள் பட்டியலைத் திரும்பிப் பார்த்தால் எங்கே தவறினோம் என்று கண்டுகொள்ளலாம். என் முதல் கேள்விக்கு டெட்லாக் தரும் பதில், ஹீரோ ஷூட்டர்களில் நான் பார்த்தவற்றிலேயே சிறந்தது.

லேன் சண்டையும் அப்படியே. வீழ்ந்த படைவீரனின் ஆன்மா மேலே மிதக்கும்போது அதைச் சுட்டு உறுதிசெய்ய நான் முயல்வேன். அதே ஆன்மாவைச் சுட்டு எனக்குக் கிடைக்காமல் தடுக்க எதிராளி முயல்வார். குறிபார்க்கும் திறமைக்கும் டோட்டாவின் கணக்குக்கும் ஒரே நொடியில் வேலை வைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்குக் கவலை. பன்னிரண்டு ஹீரோக்கள், ஆளுக்கு நான்கு சக்திகள், மொத்தம் 48. அதன் மேல் நாமே இயக்க வேண்டிய பொருள்கள். டோட்டாவிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே கேமரா மேலிருந்து பார்க்கிறது; பத்து ஹீரோக்கள் மோதினாலும் ஒரே பார்வையில் களம் அடங்கிவிடும். டெட்லாக்கின் கேமரா தரையில், ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. கூரை, ஜன்னல், தெரு என்று மூன்று மட்டங்களில் சண்டை நடக்கும்போது அது ஒருவரின் கதையை மட்டுமே சொல்லும். போதாததற்கு, எதிரியை வீழ்த்தச் சில விநாடிகள் தொடர்ந்து சுட வேண்டும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் அந்த ஒற்றைத் தோட்டாவின் தெளிவு இங்கே கிடைக்காது. 2025 தொடக்கத்தில் நான்கு லேன்களை மூன்றாகக் குறைத்தார்கள். பார்ப்பவருக்கு அது நல்லது என்றே எடுத்துக்கொள்கிறேன். சண்டைகள் சிதறாமல் ஓரிடத்தில் கூடுகின்றன.

பணத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. 2011இல் டோட்டா 2 வெளிவருவதற்கு முன்பே 16 லட்சம் டாலர் பரிசோடு இன்டர்நேஷனல் என்ற அதன் உலகப் போட்டியை முதன்முதலாக நடத்திய நிறுவனம் வால்வ். 2021இல் அதன் பரிசுத் தொகை 4 கோடி டாலரைத் தொட்டது. பணத்தால் மட்டும் ஆகாது என்பதற்கும் அதனிடமே சான்று இருக்கிறது. ஆர்டிஃபாக்ட் சீட்டாட்டத்துக்கு 10 லட்சம் டாலர் போட்டி என்று 2018இல் அறிவித்தார்கள். ஆடுவதற்கு ஆளில்லாமல் அந்தப் போட்டி நடக்கவே இல்லை. 2025 முதல் கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் இடத்தை விலைக்கு விற்கும் மூடிய லீக்குகளுக்கு வால்வ் இடம் தருவதில்லை. அதே நிறுவனம் டெட்லாக்குக்காக 2 கோடி டாலர் வாசல் கட்டும் என்று நான் நம்பவில்லை.

ஆக, என் கணிப்பு இது. டெட்லாக் போட்டி ஆட்டமாக நிலைக்கும். ஆனால் கவுண்டர்-ஸ்ட்ரைக்கைப் போல, ஆடாதவர்களையும் அரங்குக்கு இழுக்காது. டோட்டாவைப் போல, தானும் ஆடுகிறவர்களே பார்க்கும் ஆட்டமாக, ஆண்டுக்கணக்கில் ஆழம் தோண்டும் சிறிய, பிடிவாதமான கூட்டத்தோடு இருக்கும். வேலரண்ட்டிலிருந்து அது ஆளைப் பறிக்கும் என்று நான் நினைக்கவில்லை. அது பங்குபோட்டுக்கொள்ளப்போவது டோட்டாவின் ரசிகர்களை.

இந்தக் கணிப்பு பொய்க்க வேண்டும் என்பது என் ஆசை. பொய்க்க ஒரு வழியும் இருக்கிறது. டெட்லாக்கில் எதிரி கையை ஓங்கிப் பலமாகக் குத்த வரும்போது, சரியான நொடியில் தடுத்துவிட்டால் குத்த வந்தவரே செயலிழந்து நிற்பார். தாமதித்தால் குத்து விழும். அவசரப்பட்டுத் தடுத்தால் ஏமாந்துபோவோம். அண்மையில் ஒரு பதிவை ஓடவிட்டபோது, அறையைக் கடந்துபோன தங்கை நின்று, "இவன் காத்திருந்தான், இல்லையா?" என்று கேட்டாள். அந்த ஆட்டத்தில் அவளுக்கு விளக்கமில்லாமல் புரிந்த ஒரே காட்சி அது. வெளியாகும் நாளுக்குள் அதுபோல இன்னும் பத்துக் காட்சிகள் அதற்குள் இருக்க வேண்டும்.