யென் மலிவு, பாஸ் மலிவில்லை: ஜப்பான் ரயில் பாஸ் எடுக்கலாமா?

ஜப்பான் போகப்போகிறேன் என்று வாயைத் திறந்தாலே முதலில் வருகிற கேள்வி "ரயில் பாஸ் எடுத்தாச்சா?" என்பதுதான். ஒரு காலத்தில் அது சரியான கேள்வி. இப்போது டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, மிஞ்சிப்போனால் ஹிரோஷிமா என்று எல்லாரும் போகிற சுற்றைத்தான் போகிறீர்கள் என்றால் ஒரே விலை கட்டி ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) வண்டிகளில் நாடு முழுக்க ஏறி இறங்கலாம் என்கிற அந்த 7 நாள் பாஸைத் தொடவே வேண்டாம். ஒரே பயணத்தில் அக்கா குடும்பம் பாஸோடு வந்தது, நாங்கள் அவ்வப்போது டிக்கெட் எடுத்துக்கொண்டோம், அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2023 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன்பு 7 நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென். அன்று அதை 50,000 யென்னுக்கு ஏற்றினார்கள். யென் விழுந்துவிட்டதே, ரூபாயில் பார்த்தால் அப்படியே சரிக்கட்டிவிடும் என்று அத்தான் கணக்குப் போட்டார். 2021 தொடக்கத்தில் 100 யென் சுமார் 70 ரூபாய், அப்போது பாஸ் ஏறத்தாழ 20,800 ரூபாய். நாங்கள் போனபோது 100 யென் 58 ரூபாய் சுமாருக்கு இருந்தது, பாஸ் 29,000 ரூபாய். நாணயம் இறங்கியும் பாஸ் ஏறியிருக்கிறது. உள்ளூரில் வசிப்பவர்கள் இதை வாங்கவே முடியாது, நம்மைப் போன்ற வெளிநாட்டவர் என்றால் "தற்காலிக வருகையாளர்" (Temporary Visitor) என்ற நுழைவு முத்திரை பாஸ்போர்ட்டில் இருந்தால்தான் கவுன்டரில் தருவார்கள். ஆகவே இந்த விலை முழுக்க முழுக்க வெளியூர்க்காரனுக்கு வைத்த விலை. அதில் தப்பு ஒன்றுமில்லை, தாஜ்மகாலில் நாம் செய்வதும் அதுதானே.

தனி டிக்கெட் என்ன ஆகிறது? டோக்கியோவிலிருந்து கியோட்டோ ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் ஏறக்குறைய 14,000 யென், அங்கிருந்து ஹிரோஷிமா 12,000-ஐ ஒட்டி, ஹிரோஷிமாவிலிருந்து நேராக டோக்கியோ திரும்ப 19,500 அளவில். மொத்தம் 45,000 சொச்சம். பாஸ் விலையைத் தொடவில்லை. நரிட்டா விமான நிலைய எக்ஸ்பிரஸை இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒருவழியாக ஈடாகிவிடும், ஆனால் அதற்காக எல்லாப் பயணத்தையும் 7 நாளுக்குள் அடைக்க வேண்டும். ஹிரோஷிமா இல்லை, கியோட்டோ மட்டும் போய்வருகிறேன் என்றால் 28,000 யென்னோடு முடிந்தது. பழைய விலையில் இந்த ஒரு போய்வருதலிலேயே பாஸ் காசு கிட்டத்தட்ட வந்துவிடும், அதனால்தான் அன்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

பாஸில் இன்னொரு தொல்லை உண்டு. நொசோமி என்கிற வேகமான வண்டிதான் அந்தத் தடத்தில் நம்மூர் டவுன் பஸ் மாதிரி அடுத்தடுத்து வருகிறது. பாஸ் வைத்திருப்பவர் அதில் ஏற வேண்டுமானால் தனியாகக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், டோக்கியோ–கியோட்டோவுக்கு அது 4,960 யென். வேண்டாம் என்றால் அதைவிட மெதுவான ஹிகாரி வண்டி, மணிக்கு இரண்டு. அக்கா வீட்டார் டோக்கியோ நிலையத்தில் பையோடும் பிள்ளைகளோடும் ஹிகாரிக்காக நிற்க, எதிர்ப் பிளாட்பாரத்தில் நொசோமி ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போவதை அத்தான் பார்த்த பார்வை இருக்கிறதே! ஹிரோஷிமாவுக்கு ஹிகாரியில் போனால் நடுவில் வண்டி வேறு மாற வேண்டும். அதே சமயம் பாஸின் நல்லதையும் சொல்லிவிட வேண்டும்: டோக்கியோவின் யமனோட்டே லைன், ஒசாகா லூப் லைன், மியாஜிமா தீவுக்குப் போகும் ஜே.ஆர். படகு எல்லாம் இதிலேயே அடக்கம், பச்சை நிற மெஷினில் இருக்கை பதிவு செய்வதும் சுலபம். சுரங்க ரயிலுக்கும் கியோட்டோ நகரப் பேருந்துக்கும் செல்லாது. தொலைத்தால் மறுபடி தரமாட்டார்கள், அக்கா அதைக் கழுத்துப் பையில் போட்டு மூன்று வேளையும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் இந்த "ஜப்பான் இப்போ செம மலிவு" பேச்சு. டாலர்காரனுக்கு அது நிஜம். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 103 யென் கிடைத்தது, 2024 ஜூலையில் 161 தாண்டியது. அமெரிக்காவில் வட்டி 5 சதவீதத்துக்கு மேல் போயிருந்தபோது ஜப்பான் மத்திய வங்கி 2016-இல் கொண்டுவந்த மைனஸ் வட்டியை 2024 மார்ச் வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, பணம் எங்கே வட்டி கிடைக்குமோ அங்கே ஓடிவிட்டது. ஆனால் நாங்கள் போனபோது நம் ரூபாயும் டாலருக்கு 73-இலிருந்து 85 பக்கம் இறங்கியிருந்ததே. அப்போது அமெரிக்கன் பத்தில் மூன்று பங்கு அளவுக்குத் தள்ளுபடி வாங்கிய இடத்தில் நமக்குக் கிடைத்தது ஆறில் ஒரு பங்குதான். அதையும் விலையேற்றம் தின்றுவிடுகிறது. ஃபுஜி மலையின் யோஷிதா பாதையில் ஏற 2024-இல் 2,000 யென் வாங்க ஆரம்பித்தார்கள், 2025-இல் அது 4,000.

அங்கே இருப்பவர்கள் பாடு வேறு. எண்ணெய், எரிவாயு கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி, சாப்பாட்டிலும் கலோரிக் கணக்கில் 38 சதவீதம்தான் உள்நாட்டில் விளைகிறது. யென் விழுந்தால் டொயோட்டா மாதிரி ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொண்டாட்டம், மின்சார பில்லும் மளிகையும் வீட்டுக்காரர் தலையில். ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் கிண்ணத்துக்கு ஆயிரம் யென்னுக்கு மேல் வைத்தால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று "ஆயிரம் யென் சுவர்" என்றே கடைக்காரர்கள் சொல்வார்களாம். அந்தச் சுவர் பல இடங்களில் இடிந்துவிட்டது. 2024-இல் மட்டும் 3 கோடியே 68 லட்சம் பேர் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள், அதுவரை இல்லாத உச்சம். ஹோட்டல் வாடகை எகிறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டோக்கியோவில் நம்மவர்கள் நிறைய இருக்கிற நிஷி-கசாயில் ஒரு நண்பன் வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். "சம்பளம் யென்ல ஏறியிருக்கு மச்சான், ஊருக்கு அனுப்பினா ரூபாயில இறங்கியிருக்கு" என்றான். வீட்டுக் கடன் மதுரையில், சம்பளம் டோக்கியோவில் என்றால் யென் சரிவு எப்படியிருக்கும் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

சரி, பாஸ் யாருக்குத்தான் உதவும்? தூரமாகப் போகிறவர்களுக்கு. டோக்கியோவிலிருந்து தெற்கே கியூஷூ தீவில் இருக்கிற ஃபுகுவோகாவின் ஹகாட்டா நிலையம் போய்வரவே தனி டிக்கெட்டில் 46,000 யென்னுக்கு மேல், அதோடு அதே தீவின் ககோஷிமாவும் சேர்த்தால் பாஸ் தாராளமாகக் கட்டுப்படியாகும். அத்தான் அடுத்த தடவை கியூஷூ என்று இப்போதே கிளம்பிவிட்டார், அப்போது அவர் பேச்சைக் கேட்கலாம். ஒசாகாவை மையமாக வைத்துக்கொண்டு மேற்குப் பக்கம் மட்டும் சுற்றுகிறவர்கள் ஜே.ஆர். வெஸ்டின் வட்டாரப் பாஸ்களைப் பாருங்கள், விலை வெகுவாகக் குறைவு. குழந்தைகளுக்கு 6 முதல் 11 வயது வரை பாஸிலும் டிக்கெட்டிலும் பாதி விலை, அதற்குக் கீழே மடியில் உட்கார்ந்தால் இலவசம்.

பாஸுக்கு என் மதிப்பெண்: வழக்கமான சுற்றுக்கு 5-க்கு 2. கியூஷூ வரை போனால் 4.