உயிலா, செட்டில்மென்ட்டா, பார்ட்னர்ஷிப்பா: எல்லையோரக் குடும்பத் தொழில் கைமாறும்போது

கொப்பரைக் களம் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில், எண்ணெய் மில் பொள்ளாச்சியில். இந்தப் பக்கத்தில் இப்படி இரண்டு மாநிலத்திலும் தொழில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அப்பாவுக்கு எழுபது தாண்டியதும் கிளம்பும் முதல் பயம், ‘கவர்மெண்ட் பாதியை எடுத்துக்குமா?’ எடுக்காது. 1953-இல் வந்து, உச்சத்தில் 85 சதவீதம் வரை பிடுங்கிய எஸ்டேட் டூட்டி (இறந்தவர் சொத்து மேல் போட்ட வரி) 1985 மார்ச் 16-லிருந்து கிடையாது. வாரிசாக வரும் சொத்துக்கு வருமான வரியும் இல்லை. காசு கரைவது எந்தப் பத்திரத்தை, யார் பேரில், எப்போது எழுதினோம் என்பதில்தான்.

செலவே இல்லாதது உயில். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. கோவை, பாலக்காடு மாவட்டச் சொத்துக்கு புரொபேட்டும் (உயிலைக் கோர்ட்டில் மெய்ப்பிப்பது) தேவையில்லை. ஆனால் வழக்கென்று வந்தால், பதிவான உயிலுக்கே சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒருவராவது கோர்ட்டில் ஏற வேண்டும். அப்பா தன் வயதுக் கூட்டாளிகளையே சாட்சி போடச் சொல்வார், சிக்கல் அங்கேதான். இரண்டு சாட்சிகளும் மகன் வயதில் இருக்கட்டும், சொத்து வாங்கப்போகிறவர் வேண்டாம். ராவுத்தர் வீடுகளில் இன்னொன்று: மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு எழுதும் உயில் செல்லாது, வெளியாருக்கு எழுதினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது.

உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட்டுக்குச் செலவு உண்டு, ஆனால் அளவோடு. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையிலிருந்து இதுதான். 2 கோடி மில்லுக்கும் 50,000-தான். அதையே கிரயமாகப் போட்டால் 9 சதவீதம், அதாவது 18 லட்சம். கேரளத்தில் கிரயத்துக்கு முத்திரை 8-ம் பதிவு 2-மாக 10 சதவீதம். குடும்பச் சலுகை அங்கும் உண்டு, விகிதம் வேறு. ஆகவே களத்துக்குத் தனி ஆதாரம் (கேரளத்தில் பத்திரத்துக்கு அதுதான் பேர்), மில்லுக்குத் தனிப் பத்திரம். மில்லுக்குப் பட்டா மாறுதல், களத்துக்கு வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (அங்கத்திய பேர் மாற்றம்). இது முடியாதவரை நிலவரி ரசீது அப்பா பேரிலேயே வரும்.

மில் மேல் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கடன் இருந்தால் பேங்க் சம்மதம் வாங்காமல் எழுதாதீர்கள். எழுதியபின் அப்பா மனம் மாறினாலும் திரும்பாது. ஆயுள் பாத்தியதையும் (அப்பா இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை), ‘பெற்றோரைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் பத்திரத்தை ரத்து செய்ய அந்த ஒரு வரிதான் பலமான பிடி. மருமகள் பேரில் எழுதலாம், அவருக்கு வரி இல்லை. ஆனால் அந்தச் சொத்தின் வருமானம் மாமனார் கணக்கில்தான் சேரும்.

பின்னாளில் விற்கும்போது உயிலும் செட்டில்மென்ட்டும் ஒன்றே: ஆதாய வரிக் கணக்குக்கு அப்பா வாங்கிய விலைதான் அடக்க விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால் அன்றைய மதிப்பை எடுக்கலாம். மில்லுக்கு அன்றைய வழிகாட்டி மதிப்பே உச்சம். களத்துக்கு அப்படி இல்லை. கேரளத்தில் ஃபேர் வேல்யூ வந்ததே 2010-இல், எனவே மதிப்பீட்டாளர் அறிக்கை பேசும்.

இவ்வளவும் மண்ணுக்கும் கட்டடத்துக்கும். ஓடுகிற வியாபாரத்தில் உயிலும் செட்டில்மென்ட்டும் தடுமாறும். தனி உரிமையாளர் இறந்தால் அவருடைய பான் எண் வாரிசுக்கு வராது. கூடவே 32-இல் தொடங்கும் கேரள ஜிஎஸ்டி எண்ணும் 33-இல் தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணும் முடிந்தன. வாரிசு இரண்டு மாநிலத்திலும் புதுப் பதிவு எடுத்து, தேங்கிய உள்ளீட்டு வரிக் கிரெடிட்டை (கொள்முதலில் கட்டி இன்னும் கழிக்காத ஜிஎஸ்டி) ஐடிசி-02 படிவத்தில், ஆடிட்டர் சான்றோடு மாற்ற வேண்டும். ஒரு மாநிலக் கிரெடிட் அடுத்த மாநிலத்துக்குப் போகாது. அவசரப்பட்டுப் பழைய எண்ணை முதலில் ரத்து செய்துவிட்டால் கிரெடிட் போச்சு.

பார்ட்னர்ஷிப் இதைத் தீர்க்கும், பானும் ஜிஎஸ்டி எண்ணும் நிறுவனத்துடையது என்பதால். ஆனால் அப்பா-மகன் இருவர் மட்டும் என்றால் ஒருவர் போனதும் நிறுவனமும் கலையும். மூன்றாவதாக அம்மாவோ தம்பியோ வேண்டும். பங்குதாரர் இறந்தாலும் தொழில் தொடரும் என்ற ஷரத்தும் வேண்டும். மில் இடத்தை மூலதனமாக உள்ளே கொண்டுவராதீர்கள். போடும்போது அப்பாவுக்கு மூலதன ஆதாய வரி, பிரித்தெடுக்கும்போது சந்தை மதிப்பில் நிறுவனத்துக்கு வரி. இடம் வெளியே இருக்கட்டும், நிறுவனம் வாடகை கொடுக்கட்டும்.

எங்கள் கணிப்பில் வியாபாரத்துக்குப் பார்ட்னர்ஷிப், இடத்துக்கு ஆயுள் பாத்தியதையோடு செட்டில்மென்ட், மிச்சத்துக்கு உயில். பார்ட்னர்ஷிப்பாக மாற்றும்போதும் அதே ஐடிசி-02 உண்டு. ஏப்ரல் 1-இல் தொடங்கினால் ஒரே நிதியாண்டுக்கு இரண்டு கணக்கு எழுதும் வேலை மிச்சம்.