அற்றிக் இன்சுலேசன் செய்விச்சு ஒரு விண்டர் போட்டுது, இப்பதான் றிவ்யூ எழுதுறன்

அற்றிக் எண்டது மேல்மாடி சீலிங்குக்கும் றூஃபுக்கும் இடையில இருக்கிற வெறும் இடம், வீட்டுச் சூடு அதால வெளிய போகாமல் பஞ்சு நிரப்புறதுதான் இன்சுலேசன். வேலை முடிஞ்ச அண்டைக்கே அஞ்சு ஸ்ரார் போடச் சொல்லி மெசேஜ் அனுப்பினவை, நான் போடேல்லை, ஒரு விண்டர் போகட்டும் பாப்பம் எண்டு விட்டனான்.

எங்கட வீடு ரொறொன்ரோ ஸ்காபரோவில மல்வேர்ன் பக்கம், 1984ல கட்டின ரெண்டு மாடி. விண்டர்ல கீழ குசினியில ரீசேர்ட்டோட நிக்கலாம், மேல அம்மான்ர அறைக்குப் போனா ஸ்வெற்றர் வேணும். சமரில ஏசியை என்ன போடு போட்டாலும் மேல அவிஞ்சு கொட்டும். வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் பழசாப் போட்டுது எண்டு நினைச்சு அதையும் மாத்தினனாங்கள், காசு போனதுதான் மிச்சம். பிறகு போன வருசம் பீலியில இருந்து ஐஸ் ஈட்டி மாதிரித் தொங்கத் தொடங்கினது, மூண்டடி நீளம் வரும், மகனுக்கு அதை முறிச்சு வாள் சண்டை பிடிக்கிறதுதான் வேலை. பெப்ரவரி மாசம் அம்மான்ர அறை மூலையில தேத்தண்ணி ஊத்தின மாதிரி ஒரு கறை. றூஃப் ஒழுகுதாக்கும் எண்டு றூஃப் காரரைக் கூப்பிட்டா அந்த மனுசன் ஏறிப் பாத்திட்டு, றூஃபை மூடின சிங்கிள் ஓடெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பிழை மேல இல்லை கீழ, உங்கட அற்றிக்கைப் பாருங்கோ எண்டிட்டு ஒரு சதமும் வாங்காமப் போட்டார். நல்ல மனுசன்.

விசயம் என்னெண்டால், வீட்டுச் சூடு அற்றிக்குக்குள்ள ஏறி றூஃபைச் சூடாக்க, மேல கிடக்கிற ஸ்னோ அடியில இருந்து உருகும். உருகின தண்ணி வழிஞ்சு ஓரத்துக்கு வர அங்க கீழ வீடு இல்லை, சரியான குளிர், திரும்ப ஐஸாப் போய் அணைக்கட்டு மாதிரி நிண்டிடும். பின்னால வாற தண்ணி போக இடமில்லாமல் சிங்கிளுக்கு அடியால உள்ள வரும். அம்மான்ர அறைக் கறை அதுதான்.

மூண்டு பேரிட்ட விலை கேட்டனான். ஒருத்தர் ஃபோனிலயே சதுர அடியைக் கேட்டிட்டு, அரை நாளில அடிச்சிட்டுப் போடுவம், 1,600 எண்டார், அற்றிக்கை எட்டியும் பாக்கேல்லை. இன்னொருத்தர் இன்சுலேசனை விட்டிட்டு றூஃபில சோலர் ஃபான் ஒண்டு பூட்டச் சொல்லி ஒரே கரைச்சல். எனக்கும் அது நல்லதுபோலத்தான் கிடந்தது, ஏனெண்டால் ஊரில எங்கட ஓட்டு வீட்டில சுவருக்கும் ஓட்டுக்கும் இடையால காத்து ஓடி ஓடித்தானே உள்ள குளிர்ச்சியா இருக்கும். மூண்டாவது இந்தக் கொம்பனி. வந்தவர் தமிழ்ப் பெடியன்தான், சப்பாத்தைக் கழட்டிட்டு, ஏணியும் ரோர்ச்சும் கொண்டு மேல ஏறி முக்கால் மணித்தியாலம் இறங்கேல்லை. நான் சோலர் ஃபான் கதையைச் சொல்ல, சிரிச்சுப்போட்டு, அண்ணை, உங்கட சீலிங் முழுக்க ஓட்டை, மேல ஃபான் போட்டா அது வெளிக்காத்தை இழுக்காது, நீங்கள் காசு குடுத்துச் சூடாக்கின காத்தைத்தான் உறிஞ்சும் எண்டார்.

இறங்கி வந்து ஃபோனில படம் காட்டினார். அதைப் பாத்த பிறகுதான் எனக்கு வயித்தைக் கலக்கினது. றூஃப் பிளைவூட்டுக்குள்ளால நீட்டிக்கொண்டு நிக்கிற ஆணி எல்லாத்தின்ர நுனியிலயும் வெள்ளையா உறைபனி, ஒவ்வொண்டும் சின்னப் பஞ்சு உருண்டை மாதிரி, நூற்றுக்கணக்கில. பாத்றூம் ஃபானின்ர பைப் வெளிய போகாமல் அற்றிக்குக்குள்ளயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கு, ஒன்பது வருசமா நாங்கள் குளிச்ச ஆவி முழுக்க அங்கதான் போயிருக்கு. பழைய பிங்க் ஃபைபர்கிளாஸ் ஒரு ஆறு இஞ்சி இருந்தது, அதில அங்கங்க கறுப்புத் திட்டு. நான் பூஞ்சணம் எண்டு பயந்திட்டன், அது ஊத்தை அண்ணை, கீழ இருந்து காத்து வாற இடத்தில ஃபைபர்கிளாஸ் ஃபில்ரர் மாதிரித் தூசைப் பிடிச்சு வைச்சிருக்கு, கறுப்பு எங்கயோ ஓட்டை அங்க எண்டார். வயர் போற துளை, பொட் லைற் சுத்திவர, பிளம்பிங் பைப் பக்கம், எல்லா இடமும் கறுப்பு. அதோட சொஃபிற், அதுதான் வெளிய நீட்டிக்கொண்டிருக்கிற றூஃப் ஓரத்தின்ர அடிப்பக்கம், அங்க யாரோ முந்தி இன்சுலேசனை அடைஞ்சு விட்டிருக்கினம், வெளியால பாத்தா வடிவா ஓட்டை ஓட்டையா இருக்கு, உள்ளுக்க ஒரு சொட்டுக் காத்துப் போகாது.

அவர் சொன்ன ஒரு கதைக்காகத்தான் வேலையை இவையிட்டக் குடுத்தனான். "அண்ணை, இப்பிடியே இதுக்கு மேல பஞ்சைக் கொட்டினா அற்றிக் இன்னும் குளிரும், ஈரம் அப்பிடியே நிக்கும், பிளைவூட் உக்கிப் போகும். முதல்ல ஓட்டையை அடைப்பம், பிறகு காத்துக்கு வழி விடுவம், கடைசியாத்தான் பஞ்சு." அந்த 1,600 டொலர்காரரிட்டக் குடுத்திருந்தா எங்கட கதி என்ன.

வேலை மே மாசம் நடந்தது. ரெண்டு தரம் திகதி மாத்தினவை, முதல் தரம் நான் லீவு போட்டிட்டு வீட்டில குந்திக்கொண்டிருக்கேக்கைதான் மெசேஜ் வருது, அது எனக்குச் சரியான கோபம். வந்தவை ரெண்டு பேர், வேலையில குறை சொல்லேலாது. முதல்ல ஃபோம் அடிச்சு ஓட்டை எல்லாம் அடைச்சினம். சொஃபிற்றைத் திறந்து விட்டு ஒவ்வொரு றாஃப்ரர் (கூரை மரம்) இடைவெளியிலயும் காத்துக்கு வழி விடுற பஃபிள் தட்டு வைச்சினம், அப்பத்தான் பஞ்சு போய்த் திரும்ப அடைக்காது. அற்றிக்கில 300 சதுர அடிக்கு 1 சதுர அடி காத்துத் துவாரம் எண்டுதான் கணக்காம், எங்கடது ஒரு 900, அதுக்கு மூண்டு சதுர அடி வேணும், மேல ரெண்டு வென்ற் கூடப் பூட்டினவை. பாத்றூம் பைப்பை இன்சுலேசன் சுத்தி றூஃபுக்கு வெளிய எடுத்தினம். இதுக்கு 380 டொலர் கூடக் கேட்டவை, கொட்டேசனில அது இல்லை, படம் எடுத்துக் காட்டின உங்களுக்கு அது அண்டைக்கே தெரியும்தானே எண்டு கேட்டன், மழுப்பிப்போட்டினம்.

பஞ்சு எண்டது செலுலோஸ், பழைய பேப்பரை அரைச்சு, நெருப்புப் பிடிக்காமலிருக்க போறேற் உப்புக் கலந்தது. தமிழ்க் கடை வாசலில குவிஞ்சு கிடக்கிற இலவசப் பேப்பரெல்லாம் கடைசியில எங்கட தலைக்கு மேலதான் வந்து சேர்ந்திருக்குமோ எண்டு அம்மா பகிடி விட்டா. ரக்கில மெசின், அங்க இருந்து தடிச்ச ஹோஸ் படியால ஏறி மேல போகுது, 16 இஞ்சிக்கு மேல நிரப்பினவை, இங்க புது வீட்டுக்குக் கேக்கிற ஆர் 60 கணக்கு, ஆர் எண்டது சூட்டை எவ்வளவு தடுக்கும் எண்ட அளவு. மரத்தில இஞ்சி போட்ட காட் அடிச்சு விட்டிருக்கினம், ஏறி எட்டிப் பாத்தாத் தெரியும் எவ்வளவு ஆழம் எண்டு. அற்றிக்குக்கு ஏறுற வாசல், ஹற்ச் எண்டிறது, அதின்ர மூடிக்கும் ஃபோம் ஒட்டி ரப்பர் போட்டினம்.

இப்ப அந்த ஹற்ச் இருக்கிறது எங்கட அறை குளோசற்றுக்குள்ள. பிளாஸ்ரிக் கட்டினவைதான், ஆனா ஒரு பக்கம் கழண்டு, மனுசின்ர கூறைச் சீலை உட்பட நாலு பட்டுச் சீலையில சாம்பல் நிறத் தூசு. ஃபோன் எடுத்துச் சொன்னா, பாப்பம் எண்டினம், இன்னும் பாக்கினம். நீங்கள் செய்விக்கிறதெண்டால் குளோசற்றை முதல் நாளே வெறுமையாக்குங்கோ. வீடு 1990க்கு முந்தினதெண்டால் இன்னொண்டு, அற்றிக்கில மினுங்கிற சரளைக்கல்லு மாதிரி ஏதும் கிடந்தா அது வெர்மிகுலைற், அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம், கையே வைக்காமல் முதல்ல ரெஸ்ற் பண்ணுவியுங்கோ. எங்களுக்கு அது இல்லை.

எல்லாமாச் சேத்து ரக்ஸோட 3,900 சொச்சம். இப்பிடி வேலையளுக்கு ஃபெடரல் அரசாங்கம் 2021ல தொடங்கின கிறான்ற், 5,000 வரைக்கும் குடுத்தவை, 2024ல புது விண்ணப்பம் நிப்பாட்டிப்போட்டினம், எல்லாரும் எடுக்கேக்கை நான் நித்திரை.

காஸ் பில் குறைஞ்சதோ எண்டு கேப்பியள். குறைஞ்சிருக்கு, ஆனா ஒவ்வொரு விண்டரும் ஒவ்வொரு குளிர், அதால பில்லை வைச்சு நான் சத்தியம் பண்ண மாட்டன். மேலயும் கீழயும் முந்தி நாலு டிகிரி வித்தியாசம், இப்ப ஒண்டு. ஃபேர்னஸ் இடைக்கிடை மூச்சு விடுது. ஸ்னோ கொட்டின அடுத்த நாள் விடிய வெளிய நிண்டு பாத்தா றோட்டில மற்ற வீட்டு றூஃபெல்லாம் திட்டுத் திட்டாக் கறுப்பு, எங்கடது மட்டும் வெள்ளைப் பாய் விரிச்ச மாதிரி. பீலியில ஐஸ் இல்லை, மகனுக்குத்தான் வாள் இல்லாமல் கவலை.

நாலு ஸ்ரார். அஞ்சாவது ஸ்ராரைச் சீலை கழுவின காசு வந்தாப் போடுறன்.